ஏ.சி. தண்ணீரும் ஏழு மொட்டுகளும்

நர்சரி வைத்திருப்பவனிடம் செடி வாங்க வருகிறவர்களைவிட, செத்த செடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். தொட்டியை நம் முன்னால் இறக்கி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். கொன்றவன் நீதான், நீயே வாயைத் திறந்து சொல் என்பது போல ஒரு நிற்பு. ஒரு ரோஜாவையாவது வாங்கி வைத்துப் பறிகொடுத்தவர்களுக்கு இது புரியும். நீங்களும் எங்கேயாவது ஒரு நர்சரி வாசலில் அப்படி நின்றிருப்பீர்கள்.

என் பாடு இன்னும் கொஞ்சம் மோசம். மல்லியும் செம்பருத்தியும் விற்றாலே பிழைத்துப் போகக்கூடிய திருத்தணியில், வீட்டுக்குப் பின்னால் நான் தேயிலைச் செடியும் கமேலியாவும் வளர்க்கிறேன். கமேலியா, தேயிலைக்கு அக்கா முறை. அதே மினுமினுக்கும் இலை; பூ மட்டும் ரோஜாவைப் போல அடுக்கடுக்காக இருக்கும். இரண்டுக்கும் பிடித்தது குளிரும் பனியும் புளிப்பேறிய மண்ணும். எங்கள் ஊரில் கிடைப்பது வெயிலும் பாறைச் சூடும் உப்புப் போர்வெல் தண்ணீரும்.

மூன்று டிசம்பர்

ஐந்தாம் வகுப்பு வரை அம்மாவின் ஊரான நகரியில் தெலுங்கில் படித்தேன், பிறகு இங்கே தமிழில். அதனால் செடிகளுக்கு இரண்டு மொழியிலும் பெயர் எழுதி வைக்கிறேன். இரண்டிலும் யாரும் படிப்பதில்லை. வேலை கிடைத்தது குன்னூர் பக்கம், ஒரு தேயிலை எஸ்டேட்டின் நாற்றுப்பண்ணையில். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே பதியன் போட்டேன், குச்சி நட்டேன், கல்யாணமும் செய்துகொண்டேன். எஸ்டேட் கைமாறியபோது ஆட்களைக் குறைத்தார்கள். நாற்பத்தாறு வயதில் அப்பாவின் வீட்டுக்குத் திரும்பினேன். எனக்கு அது திரும்புதல். குன்னூரிலேயே பிறந்து வளர்ந்த என் மனைவி எஸ்தருக்கு அது வெறும் இறக்கம்.

சாமான் ஏற்றிவந்த வண்டியிலிருந்து அவள் மடியில் வைத்தபடி இறங்கியது ஒரே ஒரு தொட்டி. அவள் பிறந்த வீட்டு வாசலில் நின்ற கமேலியாவிலிருந்து எடுத்த பதியன். ஸ்வெட்டரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மே மாதம். கிணற்றடி நிழலில் தொட்டியை வைத்து, ஸ்வெட்டரை உருவி மடித்தாள். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சண்டை போடும் குரலில் இல்லாமல், காய்கறிக் கணக்கு சொல்வது போலச் சொன்னாள்: "மூணு டிசம்பர் பாக்கறேன். இதுல ஒரு பூ பூத்தா நானும் இருக்கேன். இல்லன்னா இதையும் தூக்கிட்டு அக்கா வீட்டுக்கு ஏறிடுவேன். நீங்க உங்க ஊர்ல செம்பருத்தி வித்துக்கிட்டு இருங்க."

கஞ்சி

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர் வந்து தேயிலைச் செடி ஒன்று வாங்கிப் போனார். நல்ல மனிதர். தினமும் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு முறை கேட்டு, கையில் எழுதிக்கொண்டார். மூன்றாவது வாரம் தொட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இலையெல்லாம் தொங்கிப்போய், மண்ணின் மேல் வெள்ளையாக ஓர் ஆடை படிந்திருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது.

தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியில் மீதியைத் தினம் ஒரு செம்பு ஊற்றியிருக்கிறார். வீட்டில் வலுவில்லாத எதையும் அவர்கள் கஞ்சியால்தான் நிமிர்த்துகிறார்கள். திட்ட எனக்கு மனசு வரவில்லை, வேறு செடி கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொள்ளாமல் பழையதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூலுக்குக் குடுத்தா எழுந்து நிக்குதுங்க. இதுக்குக் குடுத்தா இப்பிடிப் படுத்துக்கிச்சே!"

முதல் டிசம்பர்

எஸ்தரின் கமேலியாவில் அந்த வருஷம் ஒன்பது மொட்டு. நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். மலையடிவாரத்தில் பூ விற்கும் பச்சையம்மாவிடம் போய், குன்னூரில் எடுத்த படத்தை போனில் காட்டினேன். பூத்தால் முதல் பூ உங்களுக்குத்தான், பிடித்திருந்தால் நிறைய வளர்த்துத் தருகிறேன் என்று வியாபாரமும் பேசினேன். அவர் போனை மூக்கின் அருகே கொண்டுபோய், தூரத்தில் வைத்து, திருப்பியும் பார்த்தார். வாசனை எப்படி என்று கேட்டார். வாசனை கிடையாது என்றேன்.

"ஆங், அழகாத்தான் கீது," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "மூக்குக்கு வேலை குடுக்காத பூவுக்கு நான் எதுக்கு நாரு செலவு பண்ணணும்?"

அந்தப் பேச்சு மொட்டுகளின் காதில் விழுந்ததோ என்னவோ, கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒவ்வொன்றாகப் பழுப்பேறி விழுந்தன. போர்த்தண்ணீரின் உப்புதான் காரணம். இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எஸ்டேட்டில் ஓடைத் தண்ணீர், அங்கே இதைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. எஸ்தர் ஒன்பதையும் பொறுக்கி ஒரு தட்டில் வைத்தாள். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள்: "ஒண்ணு."

எட்டாம் நம்பர் ரூம்

மழைத் தண்ணீர் பிடித்து வைத்தேன், பங்குனிக்குள் தீர்ந்துவிட்டது. வாங்கும் கேன் தண்ணீர் குடிக்கவே சரியாகப் போனது. ஒருநாள் லாட்ஜ் ஒன்றின் சந்தில் நடந்து போகும்போது தலையில் சொட்டியது. மேலே பார்த்தால் ஏ.சி. பெட்டி. அப்போதுதான் உறைத்தது. அது காற்றிலிருந்து இறங்குகிற தண்ணீர். உப்பும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. பக்தர்கள் வந்துகொண்டே இருக்கிற ஊர், லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. நான் இத்தனை நாள் ஒரு மலையோடையின் கீழேதான் நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அந்த லாட்ஜின் மேனேஜர் வெங்கடேசலு, நகரிக்காரர். நான் அங்கே படித்தவன் என்று தெரிந்ததும் நைனா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எல்லாக் குழாய்க்கும் கீழே கேன் வைத்தார். அதற்குமுன் அந்தத் தண்ணீருக்கு ஓர் ஆட்டோக்காரர் பாத்தியதை கொண்டாடிக்கொண்டிருந்தார், பேட்டரிக்கு ஊற்ற. அவரைக்கூடச் சமாதானம் செய்தார். ஆடிக் கிருத்திகை சமயத்தில் எல்லா ரூமும் நிரம்பி, என் செடிகளுக்கு ஐப்பசி மழை போலத் தண்ணீர். கூட்டம் இல்லாத மாதங்களில் ஒரு கேன் நிரம்புவதே பெரும்பாடு. அப்படி ஒரு மாதத்தில் நான் வெறும் கேனைப் பார்த்து முகம் வாடியபோது, அவர் என் தோளைத் தொட்டு ரகசியமாகச் சொன்னார்: "கவலைப்படாத நைனா. எட்டாம் நம்பர் ரூமுக்கு வந்தவங்கள ஏ.சி.ய பதினெட்டுல வெச்சிக்கச் சொல்லிகீறேன். பாவம், ரெண்டாவது போர்வை கேட்டுகினு கீறாங்கோ."

சந்தனத் தலை

வெயில் காலத்தில் கமேலியாவுக்கு இரண்டடுக்கு நிழல்வலை, சுற்றிலும் ஈரச்சாக்கு. பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து ஒரு குடும்பம் மலையில் மொட்டை போட்டுவிட்டுக் கறிவேப்பிலைக் கன்று வாங்க வந்தது. பெரியவர், மகன், பேரன், மூன்று தலையிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பேரனைக் கையில் வைத்திருந்த மகன் வலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரே ஒரு செடி. வலைக்கு உள்ளே தலையை விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை.

"உள்ள எவ்ளோ ஜில்லுனு கீது!" என்றார், அங்கிருந்தே. "எங்க மூணு பேருக்கும் அரை டம்ளர் சந்தனத்துல முடிச்சிட்டாங்க சார். அடுத்த பொறப்புல உங்க தோட்டத்துல செடியாப் பொறக்கணும்."

டீக்கடைச் செடி

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கோபால், கடைக்கு ஓர் அழகாக இருக்கட்டும் என்று ஒரு தேயிலைச் செடி கேட்டார். கொடுத்த மறுநாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு கொழுந்தைக் கிள்ளி மோந்து பார்க்கிறார்கள். சிலர் கிளாஸில் போட்டு ஆற்றுகிறார்கள். ஒருத்தர் வெற்றிலையோடு சேர்த்து மென்றார். அந்தப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

ஆறு மாதம் கழித்து எஸ்தர்தான் என்னைப் பிடித்து நிறுத்திக் காட்டினாள். செடி இடுப்புயரத்துக்குக் குடை விரித்த மாதிரி அடர்ந்து நின்றது. எஸ்டேட்டில் இருபது வருஷம் நான் சொல்லிக்கொடுத்ததும் இதுதானே, கிள்ளக் கிள்ளத்தான் தேயிலை தழைக்கும் என்று. அதோடு கோபால் ஊற்றுவது டீ போடுகிற கேன் தண்ணீரில் மீதி. என் தோட்டத்தில், யாரையும் தொடவிடாமல் நான் காத்த செடிகள் ஒற்றைக் குச்சியாக நெட்டென்று நின்றன. கோபால் பாய்லரைத் துடைத்தபடியே சொன்னார்: "நீங்க பாத்துப் பாத்து வளக்கறீங்க சார். இத வரவன் போறவன்லாம் கிள்ளிக் கிள்ளி வளத்துகினு கீறான்."

சுண்ணாம்பு

இரண்டாவது டிசம்பரில் மூன்று மொட்டு. லாட்ஜ் தண்ணீரின் புண்ணியத்தில் இலைகள் எண்ணெய் தேய்த்தது போல மின்னின. மாதம் முடிந்தும் மொட்டுகள் விரியாமல் உருண்டையாகவே நின்றன. நான் மெதுவாக எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். மொட்டு இருக்கிறவரைக்கும் டிசம்பர்தான் என்று பெரிய மனது செய்தாள். பொங்கலுக்கு முன்னால் அவள் அக்கா மகளுக்குக் குன்னூரில் கல்யாணம். நான்கு நாள் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பக்கத்து வீட்டுக் குமாரியிடம் விட்டுப் போனோம். குமாரி எஸ்தரைவிட இரண்டு வயது சின்னவள். வந்த முதல் வாரமே எஸ்தரை வதினா என்று, தெலுங்கில் அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட ஆரம்பித்தவள். எஸ்தர் இந்த ஊரில் சிரித்துப் பேசுவது அவளிடம் மட்டும்தான்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், கமேலியாத் தொட்டி பளீரென்று வெள்ளையாக இருந்தது. நடுவே காவிப் பட்டை, சுற்றிலும் கோலம். போகிக்கு வீட்டுக்கு அடித்த சுண்ணாம்பில் மிஞ்சியதைக் குமாரி அன்போடு பூசியிருந்தாள். பூசி மிஞ்சியதை எறும்பு ஏறாமல் இருக்க வேரடியில் ஊற்றியும் இருந்தாள். மாமரத்துக்கும் தென்னைக்கும் எல்லோரும் செய்கிற காரியம். ஆனால் தேயிலைக் குடும்பத்துக்குச் சுண்ணாம்பு விஷம். இலை நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் மஞ்சள். மூன்று மொட்டும் தரையில்.

செடியைப் பிடுங்கி, வேரை ஏ.சி. தண்ணீரில் அலசி அலசி, இலைமக்கில் புதிதாக நட்டோம். சொல்லக் கூடாது என்று நினைத்தும், என்ன ஆயிற்று என்று கேட்டு வந்த குமாரியிடம் நான் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க துளசி மாடத்துக்குக்கூட நான் இவ்ளோ நல்லாப் பூசல வதினா!"

ஏழு மொட்டு

அந்தக் கோடை முழுக்கச் செடி சாகவுமில்லை, பிழைக்கவுமில்லை. குமாரி தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவாள், தொட மாட்டாள். கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் கிட்டே வருவாள். ஆவணியில் ஒரு தளிர். கார்த்திகையில் எண்ணிப் பார்த்தால் ஏழு மொட்டு. கடைசி டிசம்பர். குன்னூரிலிருந்து அக்கா போன் செய்து, மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். எஸ்தர் 'ம்' என்றாள். அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் புரண்டேன்.

ஒரு காலை நான் தோட்டத்துக்குப் போனபோது எஸ்தர் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளங்கையில் ஆறு பச்சை மொட்டு. தானாக விழுந்தவை அல்ல, காம்போடு கிள்ளியவை. போவதென்று முடிவு செய்துவிட்டாள், சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். என்ன காரியம் செய்தாய் என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் ஆறையும் வேரடியில் போட்டுவிட்டு, உச்சியில் விட்டுவைத்த ஒன்றைக் காட்டினாள்.

"ஏழையும் காப்பாத்தணும்னு நீங்க நினைக்கிறீங்க. இப்பத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிற செடி, அதால ஒண்ணைத்தான் தூக்க முடியும். எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க. போய்க் கேனை எடுத்துட்டு வாங்க."

பூ

கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டாம் நாள் மொட்டின் நுனி இளஞ்சிவப்பாகப் பிளந்தது. மறுநாள் முழுதாக விரிந்தது. குன்னூர்ப் பூவில் பாதி அளவுதான். ஒரு பக்கத்து இதழ்கள் சரியாக மலராமல் கொஞ்சம் சாய்ந்திருந்தன. வெங்கடேசலு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கோபால் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். நான் வீடியோ எடுத்து எஸ்தரின் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "இதுக்கா இவ்வளவு? எங்க வாசல்ல இந்த மாதிரி நூறு உதிர்ந்து கிடக்குது, பெருக்கி மாளல!"

எஸ்தர் போனை அணைத்து என்னிடம் கொடுத்தாள். பந்தயத்தைப் பற்றி அவளும் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நானாகப் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்டு, அவள் சரி இருக்கிறேன் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னால், அந்த ஜெயிப்பை வைத்து நான் என்ன செய்வது?

படி

பூ விரிந்ததிலிருந்து குமாரி தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள், துணி காயுது என்று ஓடிவிடுவாள். வருஷத்தின் கடைசி நாள் பிற்பகல், தலைக்குக் குளித்து, மஞ்சள் குங்குமத் தட்டோடு வந்து நின்றாள். அன்றைக்கு மலையில் படி பூஜை. முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, பூ வைத்துக் கற்பூரம் கொளுத்திக்கொண்டே பெண்கள் ஏறுவார்கள்.

"வதினா, கோச்சிக்காதீங்க," என்றாள், தரையைப் பார்த்தபடி. "அன்னிக்கி சுண்ணாம்பு ஊத்தினேன் பாரு, அப்பவே முருகன்கிட்ட வேண்டிக்கினேன். இது பொழச்சிக்கினா மொத பூவ படியில வெக்கறேன்னு. உங்களக் கேக்காம வேண்டிக்கினது தப்புதான். நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. வேணாம்னா வேணாம், நான் அவர்கிட்ட சொல்லிக்கறேன்."

அது வாசனையில்லாத பூவாயிற்றே என்று நான் ஏதோ உளறினேன். பரவாயில்லை, படியில்தானே வைக்கப் போகிறேன் என்றாள் குமாரி. மூன்று வருஷம், ஒரு லாட்ஜ், பத்தொன்பது மொட்டு, அதில் தேறியது இந்த ஒன்று. என் மனைவி இந்த ஊரில் இருப்பதும் இல்லாததும் அதன் காம்பில் தொங்கிக்கொண்டிருப்பதாக நான் நம்பியிருந்தேன். எஸ்தர் குமாரியைப் பார்த்தாள், முந்தானைக்குள் மறைந்திருந்த ஒரு கையைப் பார்த்தாள். உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். ஓர் இலையோடு சேர்த்து வெட்டி, தட்டில் குங்குமத்துக்குப் பக்கத்தில் சாய்ந்த பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்தாள்.

"உங்க சாமிகிட்ட இப்பவே சொல்லிடுங்க குமாரி. இந்த வருஷம் அவருக்கு. அடுத்த வருஷம் பூக்கிறது எங்க சர்ச்சுக்கு, அதுல பங்கு கேக்கக் கூடாது. அதுக்கு அடுத்த வருஷம் என் தலைக்கு."

திருத்தணியில் கமேலியா பூக்குமா என்று இன்றும் வாசலில் நின்று கேட்கிறார்கள். போர்வை கேட்கும் யாத்ரீகரும், சுண்ணாம்பு ஊற்றிவிட்டு வேண்டிக்கொள்ளும் பக்கத்து வீடும், மூன்று டிசம்பருக்கு மேல் எண்ணத் தெரிந்த மனைவியும் அமைந்தால் பூக்கும், நர்சரிக்காரனின் இருபது வருஷ அனுபவம் அதற்குப் பெரிய இடைஞ்சல் ஒன்றும் இல்லை.